வங்கியும் வாங்கியும்

திருமணமாகி மூன்று மாதங்கள் நிறைவதற்குள் நாங்கள் புனே நகருக்கு வந்து சேர்ந்தோம். அது 2009ஆம் ஆண்டின் நவம்பர் மாதம். எங்களுள் ஒருவர் வங்கி அலுவலர், மற்றவர் தமிழாசிரியை. பணியிட மாறுதல் ஆணை வந்தபோது அலுவலர் ஊரை மட்டுமே விட்டுவந்தார். ஆசிரியையோ ஊரையும், ஐந்தாண்டுகள் பணியாற்றிய பள்ளியையும், நாள்தோறும் பேசிய மொழியையும் ஒருசேர விட்டுவந்தார். இவ்விரண்டும் ஒரே அளவான இழப்பு அல்ல என்பது அலுவலருக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

கோத்ரூடு பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் இரண்டு அறைகள், ஒரு சமையலறை, கிழக்கு நோக்கிய ஒரு பால்கனி. இதுவே எங்கள் முதல் இல்லம். காலை ஒன்பது மணிக்கு அலுவலர் புறப்பட்டுவிட்டால் இரவு எட்டு மணிவரை ஆசிரியைக்குப் பேச்சுத்துணை கிடையாது. மாலையில் வீடு திரும்பும் அலுவலருக்குக் களைப்பு. நாள் முழுதும் பேசாதிருந்த ஆசிரியைக்குப் பேசும் ஆவல். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் வேளையில் மௌனமே மிஞ்சியது.

அந்நாளில் ஒருமுறை மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு அம்மையார், கணவருக்கு எங்கே வேலை என்று மராத்தியில் வினவினார். கேள்வி ஒருவாறு புரிந்தது. பதில் மட்டும் பதற்றத்தில் தமிழில் வந்தது: “வங்கி.” வகுப்பறையில் பழகிய நாவுக்குப் ‘பேங்க்’ என்பதைவிட அச்சொல்லே முந்திக்கொண்டது. அம்மையார் சற்றே வியந்து, பின் முகம் மலர்ந்து தலையசைத்துச் சென்றார். மறுநாள் காலை எங்கள் கதவைத் தட்டி, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு நாற்றுகளை நீட்டினார். “வாங்கி, வாங்கி” என்றார்.

மராத்தியில் ‘வாங்கி’ என்றால் கத்தரிக்காய்.

கணவரின் வேலையைக் கேட்டால் இப்பெண் கத்தரிக்காய் என்கிறாளே, கேள்வி புரியவில்லை போலும், கத்தரிச்செடி மீது ஆசை போலும் என்று தாம் எண்ணிக்கொண்டதாகப் பல மாதங்களுக்குப் பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டுத் தோட்டம் இவ்வாறு ஒரு சொற்பிழையிலிருந்து பிறந்தது. அம்மையாரை அக்குடியிருப்பில் அனைவரும் ‘காக்கூ’ என்றே அழைப்பர். சித்தி, பெரியம்மா என்ற முறையில் அமைந்த சொல் அது. நாங்களும் அவ்வாறே அழைக்கத் தொடங்கினோம்.

கடனா, காத்திருப்பா?

புதுமணத் தம்பதியர் அனைவருக்கும் எழும் கேள்வி எங்களுக்கும் எழுந்தது: தேனிலவுக்கு எங்கே? திருமணத்தை ஒட்டி எடுத்த விடுப்பு சடங்குகளிலும் விருந்துகளிலும் தீர்ந்துவிட்டது. உடன் படித்தோர் சிங்கப்பூரிலும் பாங்காக்கிலும் எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருந்தனர். ஒரு லட்சம் ரூபாய் தனிநபர்க் கடன் பெற்றுச் சென்று வந்துவிடலாம் என்று அலுவலர் ஒரு மாலையில் கருத்துரைத்தார். விண்ணப்பத்தை நிரப்புவது அவருக்கு ஐந்து நிமிட வேலை.

ஆசிரியை ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கே இன்னும் தவணை கட்டுகிறோம். ஐந்து நாள் ஊர் சுற்றிவிட்டு இரண்டு வருடம் கட்டிக்கொண்டிருக்கத்தான் வேண்டுமா?”

நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை அலுவலர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே உண்மை. அன்றிரவு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு லட்சம் ரூபாயை 14 விழுக்காட்டு வட்டியில் 24 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறக்குறைய 4,800 ரூபாய். வட்டி மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல். பயணத்தின் நினைவு மங்கிய பிறகும் தவணை மங்குவதில்லை.

கடன் தருவது வங்கியின் தொழில். அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. வீடு, கல்வி, தொழில் ஆகியவற்றுக்குப் பெறும் கடன் எதிர்காலத்தில் ஒரு சொத்தையோ வருவாயையோ விட்டுச்செல்கிறது. மருத்துவ நெருக்கடியில் பெறும் கடன் உயிரைக் காக்கிறது. உல்லாசத்துக்குப் பெறும் கடன் இவ்விரண்டிலும் சேராது. ஆகவே கடனைக் கைவிட்டு, மாதம் 1,500 ரூபாய் செலுத்தும் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். மக்கள் ஆர்.டி. என்று அழைக்கும் கணக்குதான் அது. கணக்குத் தொடங்கிய படிவத்தின் ஓரத்தில் ஆசிரியை பென்சிலால் ‘பயணம்’ என்று எழுதினார். அது முதிர்வடையும்வரை, செலவு அதிகமில்லாத சிறு பயணங்கள் மட்டும் என்று முடிவு செய்தோம்.

தொட்டியிலிருந்து தொடக்கம்

காக்கூ தந்த இரு நாற்றுகளும் முதலில் பழைய எண்ணெய் டின்களில் நடப்பட்டன. டின்னின் அடியில் துளையிட வேண்டும் என்பது கூட அன்று எங்களுக்குத் தெரியாது. நீர் தேங்கி ஒரு நாற்று அழுகிய பின்னரே தெரிந்தது. மற்றொன்று பிழைத்தது. அதன் பிறகு முறையாகக் கற்றுக்கொண்டோம். அவற்றுள் இன்றும் பயன்படுவனவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் வேண்டும். கீரைகளுக்கு இதைவிடக் குறைந்தாலும் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு ஓரடி ஆழமும் அகலமும் உள்ள தொட்டி தேவை. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பாலக் ஆகியவற்றுக்கு அரை அடி ஆழமுள்ள தட்டையான தட்டுகளே போதும். மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற கலவை எங்களுக்கு எங்கும் கைகொடுத்தது. வெறும் மண்ணை நிரப்பினால் தொட்டி கனக்கும்; சில நாட்களிலேயே மண் இறுகி வேர் மூச்சுத் திணறும்.

வெந்தயக்கீரையை மராத்தியர் மேத்தி என்பர். விதைத்த 25 முதல் 30 நாட்களில் பறித்துவிடலாம். புதிதாகத் தோட்டமிடுவோர் இதிலிருந்து தொடங்குவது நலம்; ஒரு மாதச் சம்பளத்துக்கும் மறு மாதச் சம்பளத்துக்கும் இடையில் ஓர் அறுவடை கிடைத்துவிடும். கொத்தமல்லி விதையை மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். வெண்டை விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து நேரடியாகத் தொட்டியில் ஊன்ற வேண்டும். ஏறக்குறைய 50 நாட்களில் முதல் காய் வரும். தக்காளி புனேயின் மழைக்காலத்தில் அழுகும். மழை ஓயும் செப்டம்பர் இறுதியில் நட்டால் குளிர்காலம் முழுதும் காய்க்கும்.

கத்தரிக்குப் பெரும்பகை தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழு. நுனித்தண்டு திடீரென வாடித் தொங்கினால் அதனுள் புழு இருக்கிறது என்று பொருள். அந்நுனியை உடனே வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிதளவு சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளித்தோம்.

பால்கனி நிறைந்த பிறகு மொட்டை மாடிக்கு நகர எண்ணினோம். அது குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான இடம். சங்கச் செயலாளர் முதலில் மறுத்தார். நீர் கசிந்து மேல்தளத்தார் வீட்டுக் கூரை பாழாகும் என்பது அவர் அச்சம். அது நியாயமான அச்சமே. தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே உத்திரம் செல்லும் இடங்களில் மட்டும் வைப்பதாகவும், ஒவ்வொன்றையும் செங்கல் மீது உயர்த்தி வைத்துத் தரை உலர்வதற்கு வழி செய்வதாகவும் எழுதிக்கொடுத்தோம். ஏழு தொட்டிகளுக்கு இசைவு கிடைத்தது. பால்கனியில் ஐந்து, ஆக மொத்தம் பன்னிரண்டு.

ஞாயிற்றுக்கிழமையின் எல்லைக்குள்

இன்று வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அந்நடைமுறை 2015 செப்டம்பரில்தான் வந்தது. நாங்கள் புனேயில் இருந்த காலத்தில் சனிக்கிழமை அரை நாள் பணி. ஞாயிறு மட்டுமே முழு ஓய்வு. ஆகவே எங்கள் பயணங்களின் எல்லையை ஒரே நாள்தான் வகுத்தது.

முதல் பயணம் சிங்ககட் கோட்டைக்கு. நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மலையடிவாரம்வரை நகரப் பேருந்து செல்லும். அங்கிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். 1670இல் தானாஜி மாலுசரே உயிர் துறந்து மீட்ட கோட்டை அது. உச்சியில், கிராமத்துப் பெண்கள் மூட்டிய விறகடுப்பின் அருகே அமர்ந்து சோள மாவு பாக்ரியும், கடலை மாவில் செய்த பிட்லாவும், சிறு மண்சட்டியில் உறைந்த தயிரும் உண்டோம். இருவருக்குமாக அன்றைய மொத்தச் செலவு இருநூறு ரூபாயை எட்டவில்லை. ஏறும்போது பேச மூச்சில்லை. இறங்கும்போது ஆசிரியை பேசத் தொடங்கினார். பள்ளியைப் பற்றி, விட்டுவந்த மாணவர்களைப் பற்றி, பகல் முழுதும் பூட்டிய வீட்டில் கழியும் நேரத்தைப் பற்றி. மூன்று மாதங்களாக வீட்டில் சொல்ல இயலாததை அந்த மலைச்சரிவில் சொன்னார். அலுவலர் அன்றுதான் முழுமையாகக் கேட்டார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் புனேயிலிருந்து லோனாவளா செல்லும் புறநகர் ரயில் எங்கள் ஊர்தியாயிற்று. மளவளி நிலையத்தில் இறங்கி நடந்தால் பாஜா குகைகள். கிறிஸ்து பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு பௌத்தத் துறவியர் பாறையைக் குடைந்து அமைத்தவை. காலையில் செடிகளுக்கு நீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினால், மாலை விளக்கேற்றுமுன் திரும்பிவிடலாம். தோட்டமும் பயணமும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி ஓடிக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் காக்கூ தந்த செடி முதற்காய் தந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை, ஊதாவில் வெள்ளை வரி, காம்பில் முள். வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து உள்ளே திணித்துச் செய்யும் ‘பரலி வாங்கி’யை அன்று காக்கூ எங்கள் சமையலறையில் நின்று ஆசிரியைக்குக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு அவர் வீட்டுக்குச் சென்றது.

வாடிய தோட்டம்

மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு. வங்கிப் பணியாளர் இல்லங்களில் அந்நாள் ஒரு பண்டிகைக்கு நிகரானது. வீட்டார் அன்றிரவு நெடுநேரம் காத்திருப்பர். அது முடிந்ததும், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் முதன்முறையாக நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. கொங்கணக் கடற்கரையில் உள்ள கணபதிபுலேக்கு அரசுப் பேருந்தில் புறப்பட்டோம்.

கிளம்பும் காலையில் எல்லாத் தொட்டிகளுக்கும் நிறைய நீர் ஊற்றினோம். காக்கூவிடம் சாவி கொடுப்பதா என்று ஒருகணம் பேசிக்கொண்டோம். அவருக்கு ஏன் சிரமம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் காரணம் அதுவன்று. ஐந்து மாதமே பழகிய ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்கினோம். வெளியே சொல்லவில்லை என்றாலும் இருவர் மனத்திலும் அதுவே இருந்தது.

கடலும் கோயிலும் தென்னந்தோப்பும் நிறைவாக இருந்தன. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பால்கனியில் வெந்தயக்கீரை வைக்கோலாக மடிந்திருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால், தக்காளிச் செடிகள் நின்ற நிலையிலேயே கருகியிருந்தன. புனேயில் ஏப்ரல் மாத வெயில் 38, 39 டிகிரியைத் தொடும். தொட்டி மண் நிலத்தைப் போல ஈரத்தைத் தேக்கி வைக்காது. பன்னிரண்டில் நான்கு மட்டுமே உயிரோடிருந்தன. அவற்றுள் ஒன்று அந்தக் கத்தரி. இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டுத் தண்டாக நின்றது.

அன்று மாலை காக்கூ வந்தார். மாடித் தோட்டத்தைப் பார்த்தார். இதற்குள் அவர் பேசும் மராத்தி எங்களுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. “பக்கத்தில் நான் இருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். கோபமில்லை, அவர் குரலில் இருந்தது வருத்தம். எங்களிடம் பதில் இல்லை. வங்கியில் நம்பிக்கை என்ற சொல்லை நாளுக்குப் பத்து முறை எழுதுகிறோம். அடுத்த வீட்டாரிடம் அதை வைக்க எங்களால் இயலவில்லை என்பதைப் பட்டுப்போன எட்டுத் தொட்டிகள் காட்டிக்கொடுத்தன.

மறுநாள் ஆசிரியை கடைவீதிக்குச் சென்று மாற்றுச்சாவி ஒன்று செய்துவந்தார். அதைக் காக்கூவின் கையில் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் வீட்டுச் சாவி ஒன்றை எடுத்துவந்து எங்களிடம் கொடுத்தார்.

அதன் பிறகு பயணங்களுக்கு ஒரு முறை வகுத்தோம். கோடையில் ஓரிரவுக்கு மேல் வெளியூர் இல்லை. அவ்வோரிரவுக்கும் தொட்டிகளைச் சுவர் நிழலுக்கு நகர்த்தி, மண்மீது காய்ந்த இலைகளைப் போர்த்துவோம். நடுவில் ஒரு வாளி நீரை உயரத்தில் வைத்து, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்துவிட்டால், கயிறு சிறுகச் சிறுக நீரை உறிஞ்சிச் செடிக்குத் தரும். புறப்படுவதற்கு முன்பு இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துச் சோதித்துப் பார்ப்பது அவசியம். தக்காளிக்கு ஒருநாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாக நீர் கிடைத்தால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும் என்பதையும் அனுபவத்தில் அறிந்தோம். நெடும்பயணம் என்றால் அது மழைக்காலத்தில்தான். மாடித் தொட்டிகளுக்கு வானமே நீர் ஊற்றிவிடும்.

அவ்வாறே அவ்வாண்டு செப்டம்பரில் சாதாரா சென்று இரண்டு இரவுகள் தங்கினோம். அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் காஸ் பீடபூமி. ஆண்டின் பெரும்பகுதி வெறும் கற்பாறையாகக் கிடக்கும் அம்மேட்டில், மழையின் முடிவில் சில வாரங்கள் மட்டும் மஞ்சளும் ஊதாவும் வெண்மையுமாகப் பூக்கள் விரியும். பாறைமீது படிந்த சில அங்குல மண்ணே அவற்றுக்கு நிலம். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அவ்விடம் இடம்பெற்றது. ஓரடித் தொட்டியின் போதாமையைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்த நாங்கள் அங்கே வெகுநேரம் பேசாமல் நின்றோம். ஊர் திரும்பியபோது வெண்டைச் செடிகள் ஓரடி கூடுதலாக வளர்ந்திருந்தன. பறித்த காய்களைக் காக்கூ ஒரு தாளில் பொதிந்து எங்கள் சமையலறை மேடையில் வைத்திருந்தார்.

ஆண்டுக் கணக்கு

வணிகவியல் பயின்றவர் வீட்டில் தோட்டம் இருந்தால் அதற்கொரு பேரேடும் இருக்கும். அக்டோபர் இறுதியில் ஓராண்டுக் கணக்கை முடித்தோம். தொட்டிகளுக்கு 1,450 ரூபாய். மண், உரம், நார்க்கழிவுக்கு 900. விதை, வேப்பெண்ணெய் முதலியவற்றுக்கு 380. மொத்தச் செலவு 2,730 ரூபாய். பறித்த ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, அன்றைய சந்தை விலையில் எழுதிவந்தோம். அது 1,120 ரூபாய். தொட்டிகள் மூலதனச் செலவாயிற்றே என்று அவற்றை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்து தேய்மானம் எழுதியபோதும் 450 ரூபாய் நட்டமே வந்தது.

அலுவலர் அதைச் சற்று வருத்தத்துடன் படித்துக் காட்டினார். ஆசிரியை கேட்டார்: “நற்பெயர் என்று ஒன்றை உங்கள் கணக்கில் சொத்தாகக் காட்டுவீர்களே, அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?”

எழுதவில்லை. அவ்வோராண்டில் ஆசிரியை மராத்தி பேசக் கற்றிருந்தார். அதற்கு வகுப்பு நடந்த இடம் மொட்டை மாடி, பாடநூல் காய்கறிகள். தொட்டிகளைப் பார்க்க வந்த குழந்தைகள் மாலையில் எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாடம் கேட்க அமர்ந்தனர். காக்கூவின் பேத்தி முதல் மாணவி. தீபாவளிக்குள் ஒன்பது பேர். ஆசிரியை மீண்டும் ஆசிரியை ஆனார். இரவு எட்டு மணிக்கு அலுவலர் வீடு திரும்பும்போது, சொல்வதற்கு இருவரிடமும் செய்தி இருந்தது. பேரேட்டில் இதற்கொரு பத்தி இல்லாததால் கணக்கை அப்படியே நட்டத்தில் விட்டுவிட்டோம்.

தோட்டம் வீட்டுச் செலவைக் குறைத்துவிடும் என்று எண்ணித் தொடங்குவோர் ஏமாறுவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 டிசம்பரில் வெங்காய விலை கிலோ 60 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் பன்னிரண்டு தொட்டிகளால் ஒன்றும் செய்ய இயலவில்லை. வெங்காயத்தாள் கிடைத்தது, வெங்காயம் கடையில்தான் வாங்கினோம். தொட்டியில் விளைய வேண்டியவை கீரையும், கத்தரியும், மிளகாயும், தக்காளியும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் உழவர் விளைவிக்கட்டும். அவர் எவ்வளவு இடரைத் தாங்குகிறார் என்பதைப் பட்டுப்போன ஒரு தக்காளிச் செடி நமக்கு ஓரளவேனும் உணர்த்தும்.

அதே மாதம் தொடர் வைப்புக் கணக்கு முதிர்ந்தது. மாதம் 1,500 வீதம் 18,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கைக்கு வந்தன. சிங்கப்பூருக்கு அது போதாது. ஆசிரியையின் தாயார் அதுவரை தம் மாவட்ட எல்லையைத் தாண்டியதில்லை. அவரைப் புனேக்கு வரவழைத்து, மகாபலேஷ்வருக்கு அழைத்துச் சென்றோம். ஸ்ட்ராபெரிப் பழம் பறிக்கும் பருவம். தோட்ட வரப்பில் நின்று ஒரு பழத்தைச் சுவைத்த அவர், “புளிக்கிறதே!” என்றார், பிறகு ஊருக்குக் கொண்டுசெல்ல இரண்டு பெட்டிகள் கேட்டார். மீதித் தொகையைக் கொண்டு அடுத்த ஆண்டுக்கான கணக்கைத் தொடங்கினோம்.

புதிதாக இல்லறம் தொடங்குவோர்க்கு

எங்கள் அனுபவத்திலிருந்தும் கிளைக்கு வரும் இளந்தம்பதியரைக் கண்டும் சில கருத்துகளை வாடிக்கையாளப் பெருமக்கள்முன் வைக்கிறோம்.

இருவர் ஊதியமும் தத்தம் கணக்கிலேயே இருக்கலாம். எனினும் வீட்டுச் செலவுக்கென ஒரு கூட்டுக் கணக்கு நல்லது. ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் அதைத் தொடங்கினால் எவரும் தனித்து இயக்கலாம்.

திருமணத்துக்கு முன் தொடங்கிய வைப்புகளிலும் காப்பீட்டிலும் நாமினி எனப்படும் நியமனதாரராகப் பெற்றோர் பெயரே இருக்கும். அதை மாற்றுவதா, சேர்ப்பதா என்று இருவரும் கலந்து பேசுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக் கணக்குகளில் நான்கு பேர்வரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் உரிய பங்கையும் குறிப்பிட வழி உண்டு. தாயையும் துணையையும் ஒருவரை நீக்கி ஒருவராக எழுத வேண்டிய நிலை இனி இல்லை.

பயணத்துக்கெனத் தனியாக ஒரு தொடர் வைப்பு வையுங்கள். தொகை சிறிதாயினும் அதற்கொரு பெயர் இருக்கட்டும். பெயரிட்ட சேமிப்பை எளிதில் உடைக்க மனம் வராது. இன்றைய நிலையில், எடுத்துக்காட்டாக 6.5 விழுக்காட்டு வட்டியில் மாதம் 1,500 ரூபாய் செலுத்தினால் ஓராண்டில் வட்டி ஏறக்குறைய 640 ரூபாய். பெருந்தொகை அன்று. ஆனால் கடனின் வட்டி நாம் தருவது. இது நமக்கு வருவது.

தோட்டத்துக்கு முதல் மாதத்தில் மூன்று தொட்டிகள் போதும். எடுத்த எடுப்பில் முப்பது வாங்காதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுங்கள். கொடுக்க இயலாது எனில், கொடுக்கும் அளவுக்குப் பழகுங்கள்.

2012 மே மாதத்தில் எங்களுக்கு அடுத்த மாறுதல் ஆணை வந்தது. பன்னிரண்டு தொட்டிகளையும் குடியிருப்பில் கேட்டவர்களுக்குப் பகிர்ந்தளித்தோம். ஆண்டுதோறும் கவாத்து செய்து காப்பாற்றிவந்த கத்தரிச்செடி, எங்கிருந்து வந்ததோ அங்கேயே, காக்கூவின் பால்கனிக்குச் சென்றது. அதற்குமுன் ஒரு காயைப் பறிக்காமல் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையை எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்தி, ஒரு பழைய வங்கி உறையில் இட்டு எடுத்துவந்தோம்.

கத்தரி விதை சில ஆண்டுகளே முளைப்புத் திறனோடிருக்கும். ஆகையால் செல்லும் ஊர்தோறும் அதை விதைத்து, ஒரு காயைப் பழுக்கவிட்டு, புது விதை எடுத்து வைக்கிறோம். இப்போது நாங்கள் இருப்பது ஐந்தாவது ஊர். இங்கு குடிவந்த இரண்டாம் வாரத்தில், மாடி வீட்டில் புதிதாக மணமாகி வந்திருக்கும் பெண் எங்கள் வாசலில் நின்று, அவருக்குத் தெரிந்த இந்தியில், அது என்ன செடி என்று கேட்டார். ஆசிரியை ஒரு நாற்றைச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.